நீர் எப்போது கொதித்தது? – ஆங்கிலக் காலச் சொற்கள் சில

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரின் ஆய்வுக் குறிப்பேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் இப்படி ஒரு வரி இருந்தது: “பிஃபோர் டென் மினிட்ஸ் தி வாட்டர் பாய்ல்ட்.” இந்தக் கட்டுரையில் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், விளங்கிவிடும்.

மாணவர் சொல்ல நினைத்தது என்ன? ‘பத்து நிமிடங்களுக்கு முன் நீர் கொதித்தது’ என்பதுதான். அவர் அந்த வரியை எழுதியது 10-20 மணிக்கு. ஆகவே நீர் கொதித்தது 10-10க்கு. விளக்கை ஏற்றியதோ 9-55க்கு. அப்படியானால் நீர் கொதிக்க ஆன நேரம் 15 நிமிடம். ஆனால் ஆங்கிலம் நன்கு அறிந்த ஒருவர் அந்த வரியைப் படித்தால், ‘பத்து நிமிடம் ஆவதற்குள்ளாகவே நீர் கொதித்துவிட்டது’ என்றுதான் பொருள் கொள்வார். கடிகாரத்தில் பிழையில்லை, வெப்பமானியிலும் பிழையில்லை. மாணவர் கவனமாகத்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் அளவு தவறிவிட்டது. பிழை ‘பிஃபோர்’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

ஆய்வகத்தில் மதிப்பெண் குறைவதோடு போகும். வேறிடத்தில் அப்படிப் போகாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மாத்திரை தருகிறார்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்கவேண்டும். ‘நான்கு மணி நேரத்துக்கு முன் மாத்திரை சாப்பிட்டார்’ என்பதை ஒருவர் ‘ஹி டுக் தி டேப்லட் பிஃபோர் ஃபோர் அவர்ஸ்’ என்று எழுதிவைத்தால், அதைப் படிப்பவர், ‘நான்கு மணி நேரம் ஆகுமுன்பே விழுங்கிவிட்டாரா!’ என்று பதறக்கூடும்.

இந்தப் பிழை நம்மிடையே ஏன் இவ்வளவு மிகுதி? நம் ‘முன்’ என்ற சொல் தாராளமானது. ‘தீபாவளிக்கு முன்’ என்கிறோம், ‘இரண்டு நாளைக்கு முன்’ என்றும் சொல்கிறோம். தீபாவளி என்பது காலத்தில் ஒரு புள்ளி. இரண்டு நாள் என்பது ஒரு நீளம். தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறது. ஆங்கிலம் அப்படிச் செய்வதில்லை. ஒரு புள்ளிக்கு முன்னால் என்றால் ‘பிஃபோர்’: பிஃபோர் தீபாவளி, பிஃபோர் சிக்ஸ் ஓ’கிளாக். இப்போதிலிருந்து பின்னோக்கி ஒரு நீளத்தை அளந்து சொன்னால் ‘அகோ’: டூ டேஸ் அகோ, டென் மினிட்ஸ் அகோ. இந்தச் சொல் நீளத்துக்குப் பின்னால்தான் வரும், முன்னால் வராது.

அது ஏன் பின்னால் வருகிறது என்பதற்குச் சுவையான காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘கடந்து போன’ என்ற பொருளுள்ள ஒரு சொல்லே தேய்ந்து ‘அகோ’ ஆயிற்று. ‘டூ டேஸ் அகோ’ என்றால் ‘இரண்டு நாள் போயிற்று’ என்று பொருள். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘அவன் ஊருக்குப் போய் இரண்டு நாள் ஆச்சு’ என்று சொல்வதும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

இனி ஒரு நுட்பம். நீளத்துக்குப் பின்னால் ‘பிஃபோர்’ வருவதும் உண்டு. அப்போது பொருள் வேறு. இதற்கு வானியலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

எட்மண்ட் ஹாலி 1682 இல் ஒரு வால்மீனைக் கண்டார். 1531 இலும் 1607 இலும் வந்த வால்மீன்களின் பாதைகளோடு அதன் பாதையை ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றும் ஒன்றே என்று முடிவு கட்டி, அது 1758 வாக்கில் மறுபடி வரும் என்றார். 1742 இல் அவர் காலமானார். 1758 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே பாலிட்ஷ் என்ற உழவர் தம் தொலைநோக்கியில் அதைக் கண்டார். உழவுத் தொழில் செய்துகொண்டே வானியல் கற்றவர் அவர். சொன்ன சொல் பலித்ததைப் பார்க்க ஹாலி இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதுங்கள் பார்க்கலாம். ‘பாலிட்ஷ் சா தி காமெட் இன் செவன்டீன் ஃபிஃப்டி எய்ட். ஹாலி ஹேட் டைட் சிக்ஸ்டீன் இயர்ஸ் பிஃபோர்.’ இங்கே ‘அகோ’ என்று போட்டால், இன்றைக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர்தான் ஹாலி இறந்தார் என்றாகிவிடும்! ‘அகோ’ என்ற சொல்லின் முளைக்குச்சி எப்போதும் பேசுபவரின் ‘இப்போது’ என்ற இடத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது. ‘பிஃபோர்’ என்பதன் முளைக்குச்சியைக் கதைக்குள் எந்த இடத்திலும் அடித்துக்கொள்ளலாம்.

ஐயம் வந்தால் தமிழே உதவும். வாக்கியத்தில் ‘இன்றைக்கு’ என்பதைச் சேர்த்துப் பாருங்கள். ‘இன்றைக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்’ என்று பொருந்தினால் ‘அகோ’. ‘அதற்கு’ என்பது பொருந்தினால், அதாவது ‘அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்’ என்று சொல்ல முடிந்தால், ‘பிஃபோர்’. சூரிய ஒளி நம்மை அடைய 8 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகிறது. இப்போது உங்கள் சன்னலில் விழும் வெயில் சூரியனை விட்டுப் புறப்பட்டது ‘எய்ட் மினிட்ஸ் அகோ’. 1980 பிப்ரவரி 16 அன்று இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. அன்று மறையுமுன் கண்ணில் பட்ட கடைசிக் கதிர் புறப்பட்டது ‘எய்ட் மினிட்ஸ் பிஃபோர்’.

இனி இன்னொரு கூட்டத்துக்கு வருவோம்: ஆல்ரெடி, ஸ்டில், யெட். அகராதியில் பொருள் பார்த்து மனப்பாடம் செய்தால் இவை பிடிபடுவதில்லை. தெருவிளக்கைப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

மாலை ஆறு மணி. வெளிச்சம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தெருவிளக்கு எரிகிறது. ‘தி லேம்ப் இஸ் ஆல்ரெடி ஆன்’ என்று சொல்வோம். மறுநாள் காலை ஏழு மணி. சூரியன் ஏறிவிட்டது. அதே விளக்கு எரிகிறது. இப்போது ‘தி லேம்ப் இஸ் ஸ்டில் ஆன்’ என்போம். இரண்டு நேரங்களிலும் விளக்கைப் புகைப்படம் எடுத்தால் படத்தில் வேறுபாடே இருக்காது. எரியும் விளக்கு, அவ்வளவுதான். பிறகு ஏன் சொல் மாறுகிறது?

மாறுவது விளக்கு அல்ல, நாம் மனத்தில் வைத்திருக்கும் மாற்றம். மாலையில், அணைந்திருந்த விளக்கு எரியத் தொடங்கும் மாற்றத்தை எதிர்பார்க்கிறோம். அது நாம் எண்ணியதற்கு முன்பே நடந்துவிட்டது. ஆகவே ‘ஆல்ரெடி’. காலையில், எரிந்த விளக்கு அணையும் மாற்றத்தை எதிர்பார்க்கிறோம். அது நடக்கவில்லை, பழைய நிலையே நீடிக்கிறது. ஆகவே ‘ஸ்டில்’. மாலையில் விளக்கு எரியாமல் இருந்தால்? ‘தி லேம்ப் இஸ் நாட் ஆன் யெட்.’ காலையில் அணைந்துபோயிருந்தால்? ‘தி லேம்ப் இஸ் நோ லாங்கர் ஆன்.’ மாலைக்கு ஒரு சோடி, காலைக்கு ஒரு சோடி.

கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு இதில் ஒரு விளையாட்டும் இருக்கிறது. ‘எரிதல்’ என்பதற்குப் பதில் ‘அணைந்திருத்தல்’ என்ற பக்கத்திலிருந்து அதே விளக்கைப் பாருங்கள். காலையில் ‘ஸ்டில் ஆன்’ என்பது ‘நாட் ஆஃப் யெட்’ என்பதற்குச் சமம். மாலையில் ‘ஆல்ரெடி ஆன்’ என்பது ‘நோ லாங்கர் ஆஃப்’ என்பதற்குச் சமம். கண்ணாடியில் இடமும் வலமும் மாறுவதுபோல இச்சொற்கள் இடம் மாறிக்கொள்கின்றன. மற்ற இரண்டையும் நீங்களே மாற்றிப் பாருங்கள், தவறாமல் பொருந்தும்.

நமக்கு இதில் வரும் தொல்லை ‘இன்னும்’ என்ற சொல்லால் வருவது. காலையில் ‘விளக்கு இன்னும் எரிகிறது’. மாலையில் ‘விளக்கு இன்னும் எரியவில்லை’. நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்திலோ முன்னது ஸ்டில், பின்னது யெட். அதனால்தான் நம் மாணவர்கள் ‘தி பஸ் டிட் நாட் கம் ஸ்டில்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘தி பஸ் ஹேஸ் நாட் கம் யெட்’ என்பதே சரி.

அப்படியானால் ‘நாட்’ வரும் இடத்தில் ‘ஸ்டில்’ வரவே கூடாதா? வரலாம். ஆனால் அது முன்னால் வந்து நிற்கவேண்டும்: ‘தி பஸ் ஸ்டில் ஹேஸ் நாட் கம்.’ இதில் சற்று எரிச்சல் கலந்திருக்கிறது. ‘யெட்’ போட்டவர் செய்தியைச் சொல்கிறார். ‘ஸ்டில்’ போட்டவருக்குக் கால் வலிக்கிறது. நாம் ‘இன்னுமா வரவில்லை?’ என்று இழுத்துக் கேட்பதில்லையா, அதுபோல. ஆனால் வரிசையைப் புரட்டி ‘இஸ் நாட் ஸ்டில் ஆன்’ என்று சொன்னால் பொருளே வேறு: முன்பு எரிந்தது, இப்போது எரியவில்லை என்றாகிவிடும். எழுத்து ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. இடம் மட்டுமே மாறியது.

கேள்வியிலும் இந்த வேறுபாடு உண்டு. தேர்வறையில் ஆசிரியர் உங்களிடம் ‘ஹேவ் யூ ஃபினிஷ்ட் யெட்?’ என்றால், ‘முடித்துவிட்டாயா?’ என்று கேட்கிறார். ‘ஹேவ் யூ ஃபினிஷ்ட் ஆல்ரெடி?’ என்றால், ‘அதற்குள்ளேயா முடித்துவிட்டாய்?’ என்று வியக்கிறார். ‘ஆல்ரெடி’ என்றதும் நாம் ‘ஏற்கெனவே’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். பல இடங்களில் ‘அதற்குள்’ என்பதே அதன் சரியான தமிழ். இரண்டாவது கேள்வியைக் கேட்டால் விடைத்தாளை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இங்கே வினைச்சொற்களோடு ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ சேர்ந்து வருவதைக் கவனித்திருப்பீர்கள். பேச்சில், சிறப்பாக அமெரிக்கர் பேச்சில், ‘டிட் யூ ஃபினிஷ் யெட்?’ என்பதும் வழக்கில் உண்டு. பள்ளித் தேர்வுக்கு ‘ஹேவ்’ சேர்த்து எழுதுவதே பாதுகாப்பானது. ஆனால் ‘யெஸ்டர்டே’, ‘அகோ’, ‘லாஸ்ட் வீக்’ போன்றவை வந்தால் ‘ஹேவ்’ வரக்கூடாது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்பது பிழை, ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’ என்பது சரி. ஏன் என்று கேட்டால், உங்கள் காதையே கேளுங்கள். ‘நான் கடலைப் பார்த்திருக்கிறேன்’ என்கிறோம். அதில் நாள் இல்லை. நாளைச் சேர்த்தால் ‘நேற்றுக் கடலைப் பார்த்தேன்’ என்றுதானே சொல்கிறோம்? அந்த இடத்தில் ‘நேற்றுப் பார்த்திருக்கிறேன்’ என்றால் காதில் இடறுகிறது. ‘இருக்கிறேன்’ என்பது நடந்ததை இன்றோடு கட்டிப்போடுகிறது. ‘நேற்று’ அதை அவிழ்த்துவிடுகிறது.

‘டுடே மார்னிங்’, ‘யெஸ்டர்டே நைட்’ என்பவை ‘இன்று காலை’, ‘நேற்று இரவு’ என்பவற்றின் நேர்ப்பெயர்ப்பு. ஆங்கிலத்தில் ‘திஸ் மார்னிங்’, ‘லாஸ்ட் நைட்’ என்பதே வழக்கு. விந்தை என்னவென்றால் ‘யெஸ்டர்டே மார்னிங்’, ‘டுமாரோ மார்னிங்’ இரண்டும் சரியானவை. இதற்கெல்லாம் விதி தேடி அலையவேண்டாம், பழகிக்கொள்ளவேண்டியதுதான்.

‘சூன்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று அதற்கு ‘சீக்கிரத்தில்’ என்று பொருள். ஆனால் மிகப் பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘இந்தக் கணமே’ என்று பொருள் இருந்தது. ‘பிரசன்ட்லி’ என்ற சொல்லும் ஒரு காலத்தில் ‘உடனே’ என்ற பொருளைத் தந்து, பிறகு ‘சற்று நேரத்தில்’ என்று நழுவிவிட்டது. மக்கள் ‘உடனே’ என்று சொல்லிவிட்டுத் தாமதமாகச் செய்தால், சொல்லின் பொருளும் அவர்களோடு சேர்ந்து தாமதமாகிவிடுகிறது போலும். ‘இதோ வந்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு அரைமணி கழித்து வரும் அண்ணன்மார் நம் வீடுகளிலும் இருக்கிறார்களே!

இப்போது ஒரு சோதனை. ஒரு டம்ளர் நீரில் சில பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு, வெப்பமானியை வையுங்கள். அவ்வப்போது மெதுவாகக் கலக்குங்கள். பனிக்கட்டி இருக்கும்வரை வெப்பநிலை 0 பாகையை ஒட்டியே நிற்கும். அது முற்றும் உருகியபின்தான் ஏறத் தொடங்கும். நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் 8-00 மணிக்குத் தொடங்கி 8-40க்கு உருகியதாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் வெயிலுக்கேற்ப நேரம் மாறும். கீழே கோடிட்ட இடங்களில் பொருத்தமான சொல்லை நிரப்புங்கள்.

8-10க்கு எழுதுவது: ‘தேர் இஸ் ——— சம் ஐஸ் இன் தி டம்ளர். தி டெம்பரேச்சர் ஹேஸ் நாட் ரிசன் ———.’

8-40க்கு அம்மா எட்டிப் பார்த்து வியந்து கேட்பது: ‘ஹேஸ் இட் ——— மெல்டட்?’

9-00 மணிக்கு எழுதுவது: ‘தி ஐஸ் மெல்டட் ட்வென்டி மினிட்ஸ் ———.’

ஒரு மாதம் கழித்து அறிக்கையில் எழுதுவது: ‘அட் நைன் ஓ’கிளாக் ஐ ரெட் தி தெர்மாமீட்டர் அகெய்ன். தி ஐஸ் ஹேட் மெல்டட் ட்வென்டி மினிட்ஸ் ———.’

விடைகள் வரிசையாக: ஸ்டில், யெட், ஆல்ரெடி, அகோ, பிஃபோர். கடைசி இரண்டிலும் அதே பனிக்கட்டி, அதே இருபது நிமிடம். இரண்டிலும் ‘அகோ’ என்று எழுதியிருந்தால், ஒரு மாதத்துக்கு முன் உருகிய பனிக்கட்டியைச் சற்று முன்தான் உருகியதாக ஆக்கிவிட்டீர்கள். ஹாலியைப் பற்றிய பத்தியை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.