ஒற்றையரில் ஒரு பட்டம், இரட்டையரில் உலகின் முதலிடம்: சானியா விட்டுச் சென்ற வெற்றிடம்

புது தில்லி: மகளிர் டென்னிஸ் ஒற்றையர் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் நுழைந்த ஒரே இந்திய வீராங்கனை சானியா மிர்சா. 2007-ம் ஆண்டு ஆகஸ்டில் அவர் எட்டிய 27-வது இடத்துக்கு அருகில்கூட, 2025-ம் ஆண்டு முடியும் வரை வேறு எந்த இந்தியப் பெண்ணாலும் செல்ல முடியவில்லை.

2023 பிப்ரவரி 21-ம் தேதி துபாயில் அவர் தமது கடைசிப் போட்டியை ஆடி முடித்தார். அப்போது அவரது கணக்கில் 6 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் இருந்தன. மகளிர் இரட்டையரில் 43 பட்டங்கள், உலக இரட்டையர் தரவரிசையில் மொத்தம் 91 வாரங்கள் முதலிடம் ஆகியவையும் அதில் அடங்கும். ஒற்றையரில் கிடைத்தது ஒரே ஒரு பட்டம்.

இருபது ஆண்டு காலம் நீடித்த இந்த ஆட்ட வாழ்க்கையில் இரண்டு வகையான கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வலைக்கு அந்தப் புறம் நின்றவர்கள் எழுப்பியவை ஒரு வகை. அவற்றுக்கு மட்டையால் பதில் சொன்னார். உடை, கொடி, திருமணம், தேசப்பற்று என மைதானத்துக்கு வெளியே எழுப்பப்பட்டவை மறு வகை. எந்த இந்திய ஆட்டக்காரரிடமும் இந்த அளவுக்கு இவை கேட்கப்பட்டதில்லை.

சாண ஆடுகளத்திலிருந்து: 1986-ம் ஆண்டு நவம்பர் 15-ல் மும்பையில் பிறந்து ஹைதராபாதில் வளர்ந்தவர் சானியா. ஆறு வயதில் மட்டையைக் கையில் எடுத்தார். அந்நாளில் ஹைதராபாதில் முறையான ஆடுகளங்கள் அரிது. சாணம் மெழுகிய தரையில்தான் தாம் ஆடப் பழகியதாகப் பிற்காலத்தில் அவரே பலமுறை கூறியிருக்கிறார். மகேஷ் பூபதியின் தந்தை சி.கே. பூபதி தொடக்க காலப் பயிற்சியாளர்களுள் ஒருவர். தந்தை இம்ரான் மிர்சா பின்னர் பயிற்சியாளராகவும் உடன் சென்றார்.

2003-ம் ஆண்டில் ரஷியாவின் அலிசா கிளேபனோவாவுடன் சேர்ந்து விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டம் வென்றார். அதே ஆண்டு ஹைதராபாதில் நடைபெற்ற ஆப்பிரிக்க - ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கப் பதக்கங்கள் பெற்றார். 2004-ல் அர்ஜுனா விருது கிடைத்தது.

அதுவரை இந்திய மகளிர் டென்னிஸின் எல்லை எது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கோவையைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன் 1998-ம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றில் வென்றார். ஓபன் காலகட்டத்தில் கிராண்ட் ஸ்லாம் பிரதான ஒற்றையர் ஆட்டத்தில் இந்தியப் பெண் ஒருவர் வெற்றி பெற்றது அதுவே முதல்முறை. ஒரு சுற்று வெற்றியே வரலாறாக இருந்த காலம் அது.

2005 என்னும் ஆண்டு: அந்த எல்லையைச் சானியா ஒரே ஆண்டில் தாண்டினார். 2005 ஜனவரியில் வைல்டு கார்டு பெற்று ஆஸ்திரேலிய ஓபனில் ஆடி, மூன்றாவது சுற்று வரை முன்னேறினார். அங்கு செரீனா வில்லியம்ஸிடம் 1-6, 4-6 என்ற செட்களில் தோற்றார். எனினும் இரண்டாவது செட்டில் அவர் காட்டிய எதிர்ப்பு நாடு முழுவதும் பேசப்பட்டது.

பிப்ரவரியில் சொந்த ஊரில் நடைபெற்ற ஹைதராபாத் ஓபன் இறுதி ஆட்டத்தில் உக்ரைனின் அலியோனா பொண்டரென்கோவை வென்றார். மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அடுத்த மாதம் துபாயில், அப்போதைய அமெரிக்க ஓபன் சாம்பியன் ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவை நேர் செட்களில் வீழ்த்தினார். செப்டம்பரில் அமெரிக்க ஓபன் நான்காவது சுற்று வரை சென்று மரியா ஷரபோவாவிடம் தோற்றார். ஒற்றையரில் எந்த இந்தியப் பெண்ணும் இன்று வரை தாண்டாத கோடு அது. ஆண்டின் சிறந்த புதுமுக வீராங்கனை என மகளிர் டென்னிஸ் சங்கம் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2006-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பின்தொடர்ந்த சர்ச்சைகள்: புகழ் வந்த அதே செப்டம்பரில் சர்ச்சையும் வந்தது. ஆடுகளத்தில் அவர் அணியும் உடை மத நெறிக்கு மாறானது என உலமா ஒருவர் அறிவித்தார். கொல்கத்தாவில் நடைபெற்ற போட்டியில் பலத்த போலீஸ் பாதுகாப்புடன் ஆட நேர்ந்தபோது அவருக்கு வயது 18.

இரண்டு மாதங்கள் கழித்து தில்லியில் ஒரு கருத்தரங்கில், பாதுகாப்பான உடலுறவு பற்றி அவர் கூறிய சொற்கள் மீண்டும் புயலைக் கிளப்பின. நடிகை குஷ்புவின் பேட்டியை ஒட்டித் தமிழகம் கொந்தளித்துக் கொண்டிருந்த நேரம் அது. சானியாவின் கொடும்பாவிகள் எரிக்கப்பட்டன. அவர் விளக்க அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. குஷ்பு மீதான வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2010-ம் ஆண்டில் தள்ளுபடி செய்தது என்பது குறிப்பிடத்தக்கது.

2008 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடைபெற்ற ஹாப்மன் கோப்பைப் போட்டியின்போது எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் அடுத்த சிக்கலுக்கு வித்திட்டது. மேஜை மீது கால் நீட்டி அமர்ந்திருந்த சானியாவின் பாதங்களுக்கு அருகே தேசியக் கொடி தெரிந்தது. கொடியை அவமதித்ததாகப் புகார் எழுந்தது. நாட்டை நேசிப்பதால்தான் நாட்டுக்காக ஆடுவதாக அவர் விளக்கம் அளித்தார். அந்த ஆண்டு பெங்களூர் ஓபனில் ஆடப் போவதில்லை என அறிவித்தார். இந்தியாவில் ஆடும்போதெல்லாம் ஏதேனும் ஒரு பிரச்சினை எழுவதே அதற்கு அவர் சொன்ன காரணம்.

மணிக்கட்டு தந்த திருப்பம்: சானியாவின் பலம் முழு வேகத்தில் வரும் வலதுகை ஃபோர்ஹேண்ட். அந்த வேகத்தின் பெரும் பகுதி மணிக்கட்டிலிருந்து பிறந்தது. அந்த மணிக்கட்டுதான் 2008-ல் கைவிட்டது. பெய்ஜிங் ஒலிம்பிக் முதல் சுற்று ஆட்டத்திலிருந்து பாதியில் விலகினார். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. ஏற்கெனவே முழங்கால்களும் சிகிச்சைக்கு உள்ளானவை.

மீண்டு வந்தாலும் ஒற்றையரில் பழைய இடம் திரும்பவில்லை. இரண்டாவது சர்வீஸின் மென்மையும், பக்கவாட்டில் விரைந்து நகர்வதில் இருந்த குறையும் முன்னணி வீராங்கனைகளிடம் அவரை வெளிக்காட்டிக் கொடுத்தன. இரட்டையர் ஆட்டத்தில் காக்க வேண்டிய பரப்பு பாதி. அங்கு எதிராளியின் சர்வீஸைத் திருப்பி அடிக்கும் வேகமே முதல் ஆயுதம். அவரது ஃபோர்ஹேண்டுக்கு அதுவே உரிய களமாக அமைந்தது.

2009-ல் மகேஷ் பூபதியுடன் ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்று, கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். 2012-ல் அதே இணை பிரெஞ்சு ஓபனையும் வென்றது. அந்த ஆண்டுடன் ஒற்றையரை விட்டுவிட முடிவு செய்தார். 26 வயதில் எடுக்கப்பட்ட அந்த முடிவைத் தோல்வியின் ஒப்புதலாகப் பலர் கருதினர். பின்னர் வந்த ஆண்டுகள் அதைப் பொய்யாக்கின.

லண்டன் ஒலிம்பிக் பூசல்: பிரெஞ்சு ஓபன் வெற்றியின் மகிழ்ச்சி மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. லண்டன் ஒலிம்பிக்கில் லியாண்டர் பயஸுடன் சேர்ந்து ஆட மகேஷ் பூபதியும் ரோகன் போபண்ணாவும் மறுத்தனர். அகில இந்திய டென்னிஸ் சங்கம் இரண்டு ஆடவர் அணிகளை அனுப்ப முடிவு செய்தது. இளம் வீரர் விஷ்ணுவர்தனுடன் ஆட வேண்டியிருந்த பயஸுக்கு, கலப்பு இரட்டையரில் இணையாகச் சானியா ஒதுக்கப்பட்டார். அப்போதுதான் கிராண்ட் ஸ்லாம் வென்றிருந்த சானியா - பூபதி இணை இவ்வாறு பிரிக்கப்பட்டது.

தமக்கு வைல்டு கார்டு உறுதியான பிறகு சானியா வெளியிட்ட அறிக்கை தில்லி விளையாட்டு வட்டாரத்தை அதிர வைத்தது. அதிருப்தியில் இருந்த மூத்த வீரர் ஒருவரைச் சமாதானப்படுத்தத் தம்மைத் தூண்டில் இரையாக வைத்தது, 21-ம் நூற்றாண்டு இந்தியப் பெண்ணுக்கு நேர்ந்த அவமதிப்பு என்பது அதன் சாரம். ஆனாலும் நாட்டுக்காக எவருடனும் ஆடத் தயார் என்றும் அதில் கூறியிருந்தார். பயஸுடன் காலிறுதி வரை சென்று, பின்னர் தங்கம் வென்ற பெலாரஸின் அசரென்கா - மிர்னி இணையிடம் தோற்றார்.

ஹிங்கிஸுடன் உச்சம்: 2014-ல் பிரேசிலின் புரூனோ சோரெஸுடன் அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையர் பட்டமும், ஜிம்பாப்வேயின் காரா பிளாக்குடன் ஆண்டிறுதிப் போட்டிப் பட்டமும் வந்தன. 2015 மார்ச்சில் ஸ்விட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸுடன் கைகோத்தார். 2006-ல் கொல்கத்தாவில் தம்மை எளிதாக வென்ற ஹிங்கிஸை அடுத்த சில நாள்களில் சியோலில் வீழ்த்தியவர் சானியா. எதிராளிகளாக இருந்த இருவரும் இணைந்தபோது ஒருவர் குறையை மற்றவர் நிரப்பினர். கோட்டிலிருந்து சானியா அடித்துத் திறந்த இடைவெளியை, வலையருகே நின்ற ஹிங்கிஸ் புள்ளியாக மாற்றினார்.

முதல் மூன்று போட்டிகளிலும் இந்த இணையே பட்டம் வென்றது. மூன்றாவது போட்டியான சார்லஸ்டனில் பெற்ற வெற்றியால் 2015 ஏப்ரல் 13-ம் தேதி சானியா உலக இரட்டையர் தரவரிசையில் முதலிடம் பிடித்தார்.

ஜூலையில் விம்பிள்டன் இறுதி ஆட்டம். ரஷியாவின் மகரோவா - வெஸ்னினா இணை முதல் செட்டைக் கைப்பற்றியது. மூன்றாவது செட்டில் சானியா இணை 2-5 எனப் பின்தங்கியிருந்தது. அங்கிருந்து 5-5 எனச் சமன் செய்தபோது இருட்டத் தொடங்கியதால் ஆட்டம் நிறுத்தப்பட்டு மைதானத்தின் கூரை மூடப்பட்டது. திரும்பி வந்து அடுத்த இரண்டு கேம்களையும் வென்று 5-7, 7-6, 7-5 எனக் கோப்பையைக் கைப்பற்றினர். மகளிர் இரட்டையரில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் அது. தொடர்ந்து அமெரிக்க ஓபன், 2016-ல் ஆஸ்திரேலிய ஓபன் என வெற்றி நீண்டது. அடுத்தடுத்து 41 ஆட்டங்களில் தோல்வியே காணாத இந்த இணை, 14 பட்டங்களுக்குப் பிறகு 2016 ஆகஸ்டில் பிரிந்தது.

2015-ல் ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருதை அவர் பெற்றார். பயஸுக்குப் பிறகு அந்த விருது பெற்ற இரண்டாவது டென்னிஸ் நட்சத்திரம் அவரே. அடுத்த ஆண்டு பத்மபூஷண் வழங்கப்பட்டது. கைநழுவியது ஒலிம்பிக் பதக்கம் மட்டுமே. 2016-ல் ரியோவில் போபண்ணாவுடன் அரையிறுதி வரை சென்றவர், வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்திலும் தோற்று நான்காம் இடத்துடன் திரும்பினார்.

மருமகள் என்ற பட்டம்: 2010 ஏப்ரலில் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் ஷோயப் மாலிக்கை அவர் மணந்தார். இந்தியாவுக்காகத் தொடர்ந்து ஆடினார். அந்த ஆண்டே தில்லி காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் வெள்ளியும் இரட்டையர் வெண்கலமும் வென்றார். 2014 ஜூலையில் புதிதாக உருவான தெலங்கானா மாநிலத்தின் விளம்பரத் தூதராக அவர் நியமிக்கப்பட்டபோது, பாகிஸ்தானின் மருமகளுக்கு இப்பதவி எதற்கு என பாஜக சட்டப்பேரவை உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

தாயின் உடல்நிலை காரணமாகவே மும்பை மருத்துவமனையில் தாம் பிறந்ததாகவும், தமது குடும்பம் ஹைதராபாதில் நூறாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருவதாகவும் அறிக்கை வெளியிட்டார் சானியா. இறுதி மூச்சு வரை இந்தியராகவே இருப்பேன் என்றும் கூறினார். நாட்டுக்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆடியவர் தம் பரம்பரையை எடுத்துரைக்க நேர்ந்தது. அடுத்த இரண்டே மாதங்களில் இன்சியான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாகேத் மைனேனியுடன் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்தார். மாலிக்குடனான மணவாழ்க்கை முறிந்தது 2024 ஜனவரியில் வெளியுலகுக்குத் தெரிந்தது.

தாயான பிறகு: 2018 அக்டோபரில் மகன் பிறந்தான். இரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகு, 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் களமிறங்கி, முதல் போட்டியிலேயே உக்ரைனின் நாடியா கிச்செனோக்குடன் பட்டம் வென்றார். அந்த ஆண்டு மார்ச்சில் ஃபெட் கோப்பைப் போட்டியில் இந்திய மகளிர் அணி முதன்முறையாக பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றதிலும் அவருக்குப் பங்குண்டு.

2021-ல் கொரோனா கட்டுப்பாடுகளுக்கிடையே பிரிட்டனுக்கு மகனை உடன் அழைத்துச் செல்ல விசா கிடைக்காதபோது, மத்திய விளையாட்டு அமைச்சகம் வெளியுறவு அமைச்சகம் மூலம் தலையிட நேர்ந்தது. தாயான வீராங்கனை என்பவர் இந்திய நிர்வாகத்துக்கு எவ்வளவு புதியவர் என்பதை அது காட்டியது. 2023 ஜனவரியில் போபண்ணாவுடன் ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையர் இறுதி வரை சென்று தோற்றார். அதுவே அவரது கடைசி கிராண்ட் ஸ்லாம்.

அடுத்தவர் எங்கே?: சானியா உருவானதற்கு ஒரு குடும்பத்தின் பிடிவாதமும் சொந்த ஊரில் நடந்த ஒரு சர்வதேசப் போட்டியும் காரணம். அந்த ஹைதராபாத் ஓபன் பெங்களூருக்கு மாறி, 2008-க்குப் பிறகு நின்றது. கொல்கத்தா போட்டி அதற்கு முன்பே நின்றுவிட்டது. மகளிர் டென்னிஸ் சங்கத்தின் அந்நிலைப் போட்டி மீண்டும் இந்தியாவுக்கு வர 2022-ல் சென்னை ஓபன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சானியா உலகின் முதலிடத்தில் இருந்த காலம் முழுவதும் இந்த இடைவெளிக்குள் அடங்கும். உள்ளூரில் புள்ளி சேர்க்க வழியின்றி, வெளிநாட்டுப் பயணச் செலவைத் தாங்க முடிந்தவர்கள் மட்டுமே ஆட முடிந்தது.

நம்பிக்கைக் கீற்றுகள் இல்லாமல் இல்லை. 2025 பிப்ரவரியில் மும்பை ஓபனில் கோவையைச் சேர்ந்த 15 வயது மாயா ராஜேஸ்வரன் அரையிறுதி வரை முன்னேறினார். ஏப்ரலில் புணேயில் நடைபெற்ற பில்லி ஜீன் கிங் கோப்பைப் போட்டியில், ஹைதராபாதின் ஸ்ரீவள்ளி பாமிடிபாதி ஐந்து ஒற்றையர் ஆட்டங்களையும் வென்று, இந்தியாவை இரண்டாம் முறையாக பிளே-ஆஃப் சுற்றுக்கு அழைத்துச் சென்றார். இரண்டும் இந்திய மண்ணில் நடந்த போட்டிகள் என்பது கவனிக்கத்தக்கது.

விருதுகளும் பாராட்டு மேடைகளும் சானியாவுக்குக் குறைவின்றிக் கிடைத்தன. வென்ற பிறகு பாராட்டுவது அரசுக்கும் சங்கத்துக்கும் எளிது. முதல் 200 இடங்களுக்கு வெளியே நிற்கும் ஒரு பெண்ணுக்கு உள்ளூரில் போட்டியும், பயணத்துக்குப் பணமும், சர்ச்சை எழும்போது துணைக்கு ஒரு குரலும் கிடைத்தால் மட்டுமே சானியாவுக்கு அடுத்த பெயரை எழுத முடியும்.