இரவில் நடக்கும் ஊர்

மேலை நாட்டார் அக்டோபர் 31ஆம் நாள் இரவை ‘ஹாலோவீன்’ என்று கொண்டாடுகின்றனர். மறுநாள் கிறித்தவர்க்குப் புனிதர் அனைவரின் திருநாள். அதற்கு முந்திய இரவில் ஆவிகள் உலவும் என்பது பழைய நம்பிக்கை. அந்த இரவில் சில ஊர்களில் பெரியோரும் சிறியோரும் மெழுகுவத்தி ஏந்தி, பக்கத்துத் தோப்பு வழியே ஒன்றாக நடந்து வருவார்களாம். விடுதியில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், “இருட்டில் ஊரே சேர்ந்து நடக்கும் வழக்கம் நம்மிடம் உண்டா?” என்று கேட்டார். உண்டு. நாம் படிக்கும் பெங்களூரிலேயே உண்டு. அதுதான் கரகம்.

கரகம் என்றதும் தலையில் குடம் வைத்து ஆடும் ஆட்டம் நம் நினைவுக்கு வரும். பெங்களூர்க் கரகம் ஆட்டம் மட்டும் அன்று. அது ஓர் இரவு முழுதும் நீளும் நடை. சைத்திர மாத முழுநிலவு நாளில் அது நிகழும். நம் கணக்கில் பங்குனியிலோ சித்திரையிலோ அந்நாள் வரும். திகளர்பேட்டையிலுள்ள தருமராயர் கோயிலே அதன் தொடக்கமும் முடிவும்.

இதற்கு ஒரு கதை உண்டு. பாரதப் போர் முடிந்து பாண்டவர் விண்ணுலகு செல்லும்போது, அசுரன் ஒருவன் எஞ்சி நின்றான். அவனைத் திமிராசுரன் என்பர். திமிரம் என்றால் இருள் அன்றோ! திரௌபதி சக்தி வடிவம் கொண்டு, வீரகுமாரர் என்னும் படையைத் தோற்றுவித்து அவனை வென்றாள். பிரிய மனமில்லாத வீரகுமாரர்க்கு, ஆண்டுதோறும் வந்து செல்வதாக வாக்களித்தாள். அவள் வரும் இரவே கரக இரவு.

முழுநிலவுக்குச் சில நாள் முன்னர், பெண்கள் விளக்கேந்தி வரும் ஆரத்தி தீபம் நடைபெறும். அடுத்துச் சம்பங்கி ஏரிக்கரையிலிருந்து பச்சைக் கரகம் வரும். இறுதியில் பூங்கரகம். பூசாரி பெண்கோலம் பூண்டு, வளையலும் தாலியும் அணிந்து, மல்லிகைப் பூவால் கோபுரம்போல் அமைந்த கரகத்தைத் தலையில் தாங்கி, நள்ளிரவுக்குப் பின் கோயிலை விட்டு வெளியே வருவார். கரகத்தைக் கையால் தொடலாகாது. உருவிய வாளுடன் வீரகுமாரர் சூழ்ந்து செல்வர். கரகம் சரிந்தால் அந்த வாள்கள் பூசாரியின் மீதே பாயும் என்பது பழஞ்சொல்.

நான் முதன்முறை சென்றபோது பேட்டையின் குறுகலான தெரு ஒன்றில் நின்றேன். மூன்று மணி நேரம் காத்திருந்தும் யாரும் சலிக்கவில்லை. என்னருகில் நின்ற மூதாட்டி தம் பேத்தியிடம் ஏதோ சொன்னார். பாதி தமிழாகவும் பாதி கன்னடமாகவும் என் காதில் விழுந்தது. “பாட்டி, நீங்க தமிழா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “நாங்க திகளருப்பா” என்றார். அதற்குள் மல்லிகை மணம் வந்துவிட்டது. கரகம் கடந்து சென்றது. கீழே விழுந்த ஒரு பூவை எடுத்து என் கையில் வைத்தார் அவர்.

அந்த விடை என்னைச் சிந்திக்க வைத்தது. கன்னடத்தில் முன்னாளில் தமிழரைத் திகளர் என்று குறித்ததுண்டு. செஞ்சிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் வழிபாடும், பாரதக் கூத்தும், தீமிதியும் இன்றும் சிறந்து விளங்குகின்றன. கடல் கடந்த சிங்கப்பூரிலும் மாரியம்மன் கோயிலில் ஐப்பசித் தீமிதி அந்தத் திரௌபதியின் பெயராலேயே நடைபெறுகிறது. ஆனால் திகளர் இந்த மண்ணில் வேரூன்றியவர்கள். 1760இல் ஐதர் அலி தொடங்கிய லால்பாக்கின் தோட்டப் பணியில் பேர் பெற்றவர்கள். ஏரி நீரை நம்பிப் பூவும் காய்கறியும் விளைத்தவர்கள். அவர்களைத் தமிழர் என்பதா, கன்னடர் என்பதா என்று நாம் விடுதியில் வாதிடுகிறோம். அவர்களோ அவ்வினாவுக்கு விடை தேடாமல், இரண்டு மொழியிலும் பேசிக்கொண்டே நடக்கிறார்கள்.

அந்த நடை செல்லும் வழியைப் பாருங்கள். மேளம் முழங்கப் பழைய பேட்டைகளைக் கடக்கும் கரகம், காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவை அடைகிறது. அங்கே வலம் வந்து, வரவேற்புப் பெற்று, மேலே செல்கிறது. 2022ஆம் ஆண்டு, தர்காவுக்குக் கரகம் செல்லலாகாது என்று சிலர் குரல் எழுப்பினர். கோயிலாரும் தர்காவினரும் அதற்கு இசையவில்லை. வழக்கம்போலவே கரகம் சென்றது. நோய்த்தொற்றுக் காலத்தில் தெருவில் நடக்க இயலாதிருந்த இருவர், மீண்டும் கைகோத்து நடந்ததுபோல் இருந்தது அது.

ஏரியின் கதி வேறு. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. எஞ்சியது ஒரு சிறு குளமே. நீர் போயிற்று, தோட்டம் போயிற்று. ஆயினும் ஆண்டுதோறும் கரகம் அவ்விடத்தை மறவாமல் நாடுகிறது. நகரம் தன் வரைபடத்திலிருந்து அழித்துவிட்ட ஏரியை, மக்களின் கால்கள் நினைவில் வைத்திருக்கின்றன. அயலவரின் வாசலையும் அந்தக் கால்கள் மறக்கவில்லை.

இருளில் கூடி நடப்பதன் பொருள் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. மேலை நாட்டான் தோப்பில் ஏந்தும் மெழுகுவத்தியானாலும், பேட்டைப் பெண் ஏந்தும் அகல்விளக்கானாலும், அது பேயை ஓட்டுகிறதோ இல்லையோ, பக்கத்தில் நடப்பவரின் முகத்தைக் காட்டுகிறது. ஒரே தெருவில் குடியிருந்தும் பகலில் நாம் பாராத முகம் அது.

மாணவ நண்பர்களே! படிப்பு முடிந்து ஊர் திரும்புமுன் ஒரு சைத்திர முழுநிலவிலாவது உறங்காதிருங்கள். திகளர்பேட்டைக்குச் சென்று கூட்டத்தோடு கூட்டமாக நடந்து பாருங்கள். பேட்டையின் பழைய பெங்களூர் அந்த இரவில் உங்களோடு பேசும். மல்லிகைப் பூ ஒன்று கையில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பவர் எந்த மொழியினர் என்று கேட்க வேண்டாம்.