திருவேற்காடு ஸ்டேஷன்... அளவு 1:87!

ஆவடி ஸ்டேஷன் கவுன்ட்டர்ல போய், "திருவேற்காட்டுக்கு ஒரு டிக்கெட்"னு கேட்டுப் பாருங்க. உங்களை ஏற இறங்கப் பார்ப்பாங்க. ஏன்னா, எங்க ஊருக்கு ரயிலே கிடையாது பாஸ்! கருமாரியம்மன் கோயில் இருக்கு. கூவம் ஆறு இருக்கு. ஆடி மாசம் ஆனா கால் வைக்க இடமில்லாத கூட்டம் இருக்கு. ரயில்வே ஸ்டேஷன் மட்டும் இல்லை. ரயில் ஏறணும்னா பருத்திப்பட்டு வழியா ஆவடிக்குப் போகணும், இல்லாட்டி அம்பத்தூருக்குப் போகணும்.

ஆனா, எங்க தெருவுல ஒரு மொட்டை மாடி ரூம்ல 'திருவேற்காடு'ன்னு மஞ்சள் போர்டு மாட்டின ஸ்டேஷன் ஒண்ணு இருக்கு. ரயில் வருது, நிக்குது, கிளம்புது. பிளாட்ஃபார்மோட உயரம் ஒரு சென்டிமீட்டர். அங்கே காத்திருக்கிற பயணிகள் உயரம் ரெண்டு சென்டிமீட்டர்!

இதைக் கட்டினது நானும், எங்க தெரு தாத்தாவும்தான். தாத்தா, பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல ரயில் பெட்டி செஞ்சு ரிட்டயர் ஆனவர். நான், இன்ஜினீயரிங் மூணாம் வருஷம். அவருக்குக் கை நடுங்கும். எனக்கு ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. நல்ல ஜோடி!

பொம்மை இல்லை தம்பி!

முதல் நாள் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். "தாத்தா, பொம்மை ரயில் சூப்பர்"னு சொல்லிட்டேன். மனுஷர் முகம் சிவந்துடுச்சு. "பொம்மைன்னா கண்ணுக்கு அழகா இருந்தாப் போதும். மாடல்னா அளவு சரியா இருக்கணும். உங்க காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

விஷயம் இதுதான். உலகம் முழுக்க அதிகம் பேர் வெச்சிருக்கிற மாடல் ரயில் அளவுக்கு 'ஹெச்.ஓ.'னு பேரு. நிஜத்துல 87 மீட்டர் இருந்தா, மாடல்ல ஒரு மீட்டர். ஐ.சி.எஃப். பெட்டியோட நீளம் 21,337 மில்லிமீட்டர். தாத்தாவுக்குச் சொந்த செல் நம்பர் மறந்துபோகும். இந்த நம்பர் மறக்காது! அதை 87-ஆல் வகுத்தா 245 மில்லிமீட்டர். அதாவது, உங்க ஸ்கேலைவிடக் கொஞ்சம் சின்னப் பெட்டி. இன்னும் குட்டியா வேணும்னா 'என்' ஸ்கேல் இருக்கு. அது 1:160. பெட்டி 13 சென்டிமீட்டர்தான் வரும்.

இப்போ ஒரு கணக்கு போடுங்க. எங்ககிட்ட இருந்தது 8க்கு 4 அடி பிளைவுட் ஒண்ணு. எட்டு அடிங்கறது 1:87-ல எவ்வளவு தெரியுமா? வெறும் 212 மீட்டர். 20 பெட்டி எக்ஸ்பிரஸ் ஒண்ணு நின்னாலே 427 மீட்டர் வேணும். ரயில்ல பாதி பலகைக்கு வெளியே தொங்கும்!

வளைவு இன்னும் மோசம். நம்ம அகல ரயில் பாதை மெயின் லைன்ல ரொம்ப நெருக்கமான வளைவுக்கே ஆரம் 175 மீட்டர். 87-ஆல் வகுத்தா ரெண்டு மீட்டர். அரைவட்டம் அடிக்கவே நாலு மீட்டர் அகல ரூம் வேணும். எங்க ரூம்ல அந்த இடத்துல ஒரு கட்டிலும் வாட்டர் டேங்க் பைப்பும் இருக்கு. அதனால வளைவை 45 சென்டிமீட்டர் ஆரமாச் சுருக்கினோம். 20 பெட்டியை நாலாக்கினோம்.

"அப்போ இது பொய் அளவுதானே?"ன்னு கேட்டேன். தாத்தா சிரிச்சார். "எதை விடறோம்னு தெரிஞ்சு விடணும். அதுக்கு முதல்ல எல்லாத்தையும் பார்த்திருக்கணும். நீ பார்த்திருக்கியா?"

அண்ணனூர் ஹோம்வொர்க்

அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு ஹோம்வொர்க். அண்ணனூர் ஸ்டேஷன்ல ஒரு மணி நேரம் உட்காரணும். செல்போனை வெளியே எடுக்கக் கூடாது. பிளாட்ஃபார்மை விட்டு இறங்கக் கூடாது. நோட்டுல பத்து விஷயம் எழுதிட்டு வரணும்.

'இதென்ன பிரமாதம்'னு போனேன். காலேஜுக்கு அந்த வழியா ரெண்டு வருஷமா போற ஆளாச்சே! அஞ்சு விஷயத்துக்கு மேல பேனா நகரலை. பத்து எழுதறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஓடிடுச்சு.

தண்டவாளத்தோட மேல்பக்கம் மட்டும்தான் வெள்ளி மாதிரி மின்னுது. பக்கவாட்டுல முழுக்கத் துருப்பிடிச்ச பிரவுன். ஜல்லி, ரயில் வந்து நிக்கிற இடத்துல பழுப்பா இருக்கு, தள்ளிப் போனா வெளுப்பா இருக்கு. மின்கம்பத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எழுதியிருக்காங்க. மஞ்சள் போர்டுல ஊர் பேர் மூணு மொழியில இருக்கு. மக்கள் பிளாட்ஃபார்ம்ல பரவலா நிக்கிறதில்லை. நிழல் எங்கேயோ அங்கே குவியறாங்க.

நோட்டைப் பார்த்துட்டு தாத்தா கேட்டார்: "சரி, நம்ம ஸ்டேஷன்ல இப்போ என்ன வருஷம்?"

முழிச்சேன். அவர் விளக்கினார். பெட்டியோட நிறம்தான் காலண்டர். 1990-கள்ல நீல நிறம் வர்றதுக்கு முன்னாடி நம்ம எக்ஸ்பிரஸ் பெட்டிகள் பெரும்பாலும் மெரூன். மெரூன் பெட்டியை வெச்சுட்டுப் பின்னாடி செல்போன் டவர் வெச்சா, பார்க்கிறவன் சிரிப்பான்!

பேசி முடிவு பண்ணினோம். எங்க ஸ்டேஷன்ல வருஷம் 1985. நான் பொறக்கவே இல்லை. தாத்தா அப்போ தினமும் விடியக்காலையில திருவேற்காட்டுலேர்ந்து கிளம்பி, ஆவடி போய், ரயிலைப் பிடிச்சு வில்லிவாக்கத்துல இறங்கி வேலைக்குப் போயிட்டிருந்தார். "ஊர்லயே ஒரு ஸ்டேஷன் இருந்திருந்தா இன்னும் அரை மணி நேரம் தூங்கியிருப்பேன்"னார். அந்த அரை மணி நேரத் தூக்கத்துக்காகத்தான் இந்த ஸ்டேஷன்!

மூணு மில்லிமீட்டர் சண்டை

தாத்தாவோட மருமகன் ஜெர்மனியிலேர்ந்து வாங்கிட்டு வந்த ஒரு ஹெச்.ஓ. செட்தான் எங்க மூலதனம். அதுல தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அது வெளிநாட்டு 1,435 மில்லிமீட்டர் பாதைக்கான கணக்கு. நம்ம அகலப் பாதை 1,676. 87-ஆல் வகுத்தா 19.3 வரணும். கிட்டத்தட்ட மூணு மில்லிமீட்டர் உதைக்குது.

ஒரு வாரம் வேலை நின்னுபோச்சு. "வாழ்நாள் முழுக்க அளவு பார்த்தவன், வீட்டுல குறுகின லைன்ல ரயில் விடுறதா?"ன்னு அவர் உட்கார்ந்துட்டார். நான் தேடிப் பார்த்ததுல ஒரு ஆறுதல் கிடைச்சது. பிரிட்டன்ல பிரபலமான 'ஓ.ஓ.' ஸ்கேல், 1:76.2. அங்கே கணக்குப்படி பாதை 18.8 மில்லிமீட்டர் இருக்கணும். ஆனா, அவங்களும் இதே 16.5 தண்டவாளத்துலதான் பல தலைமுறையா ஓட்டறாங்க! இதைச் சொன்னதும், "வெள்ளைக்காரனே அட்ஜஸ்ட் பண்றானா? சரி, போடு"ன்னார்.

இன்ஜின் சேஸிஸ் ஜெர்மனி. மேலே அட்டையில வெட்டி ஒட்டின உடம்பு, சித்தரஞ்சன்ல 1970-லேர்ந்து தயாரான டபிள்யூ.ஏ.எம்.-4 மின்சார இன்ஜின் மாதிரி. பெட்டிகள் கல்யாணப் பத்திரிகை அட்டை. ஜல்லி? சல்லடையில சலிச்ச மணல். நிஜ ஜல்லி அதிகபட்சம் 65 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தா முக்கால் மில்லிமீட்டர் கூட இல்லை. மணலைத் தூவி, தண்ணி கலந்த ஃபெவிகாலை இங்க் ஃபில்லரால சொட்டு சொட்டா விடணும். அதுல ஒரு துளி பாத்திரம் கழுவுற லிக்விட் சேர்த்தாதான் பசை மணலுக்குள்ள இறங்கும். இல்லாட்டி முத்து முத்தா மேலேயே நிக்கும்.

செடிகொடிக்குப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள். மண்ணுக்குக் காயவெச்ச டீத்தூள் சக்கை. கூவம் கரையைத் தெர்மகோல்ல செதுக்கி, நான் கெத்தா ஸ்பிரே பெயின்ட் அடிச்சேன். அஞ்சே நிமிஷத்துல கரை உருகி ஆத்துல கலந்துடுச்சு! அந்த பெயின்ட்ல இருக்கிற கரைப்பான் தெர்மகோலைத் தின்னுடும்னு கெமிஸ்ட்ரி லேப் போன எனக்குத் தெரியலை. தண்ணியில கலக்கிற பெயின்ட்தான் அடிக்கணும்.

வைவாவுல பாஸ், வீட்டுல ஃபெயில்

அடுத்தது வயரிங். 'ஹப்பா, நம்ம ஏரியா'ன்னு காலரைத் தூக்கினேன். சிம்பிள்தான். ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொண்ணு மைனஸ். 12 வோல்ட் டி.சி. வோல்டேஜை ஏத்தினா வேகம், பிளஸ் மைனஸை மாத்தினா ரிவர்ஸ்.

ரயில் திரும்பி வர்ற மாதிரி ஒரு லூப் போட்டேன். ஸ்விட்ச் போட்டதும் ஒரு சின்ன 'டப்', அப்புறம் வாசனை. அடாப்டர் காலி! யோசிச்சுப் பாருங்க. பாதை வளைஞ்சு தன்னோடவே வந்து சேரும்போது, இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தைத் தொடும். பிளஸ்ஸும் மைனஸும் கை குலுக்கிக்கும். ஷார்ட் சர்க்யூட்! லூப்போட ரெண்டு முனையிலயும் தண்டவாளத்தை வெட்டி இடைவெளி விட்டு, உள்ளே இருக்கிற பகுதிக்குத் தனியா ஒரு டி.பி.டி.டி. ஸ்விட்ச் போடணும். போலாரிட்டி பத்தி வைவாவுல நான் சொன்ன பதிலுக்கு நல்ல மார்க்தான் போட்டாங்க. ஆனா, அது என்னன்னு புரிஞ்சது அந்த வாசனை வந்த அன்னிக்குத்தான்.

'ரயில் ஓட்டி விளையாடறியா, படிக்கலையா?'ன்னு வீட்டுல திட்டு விழுந்தா, இந்தக் கதையைச் சொல்லுங்க. அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில 1940-கள்ல ஆரம்பிச்ச 'டெக் மாடல் ரெயில்ரோடு கிளப்'னு ஒண்ணு. மேஜைக்கு மேல சிலர் மரமும் வீடும் செய்வாங்க. மேஜைக்கு அடியில இன்னொரு குரூப், டெலிபோன் ரிலேக்களை வெச்சு ரயிலைக் கன்ட்ரோல் பண்ற சர்க்யூட் கட்டும். 'ஹேக்' ங்கற வார்த்தையை இன்னிக்கு நாம பேசற அர்த்தத்துல புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அந்தக் கூட்டம்தான். அங்கேருந்து கம்ப்யூட்டருக்குத் தாவினவங்கள்ல சிலர்தான், 1962-ல 'ஸ்பேஸ்வார்' ங்கற ஆரம்பகால வீடியோ கேமை எழுதினாங்க. மேஜைக்கு அடியில படுத்தவங்கதான் பாஸ் உலகத்தை மாத்தியிருக்காங்க!

தாத்தாவோட கண்ணு, என்னோட கை

தாத்தாவால இப்போ இடுக்கியைப் பிடிக்க முடியறதில்லை. ரெண்டு சென்டிமீட்டர் ஆளை நிக்க வைக்கப் போனா, பக்கத்துல இருக்கிற நாலு பேரும் சாயறாங்க. அதனால அவர் நாற்காலியில உட்கார்ந்துப்பார். "இடது பக்கம்... இன்னும்... நிழலுக்குள்ள... அங்கேதான்!" அவர் சொல்வார், நான் வைப்பேன். பெட்டி ஜன்னல் கம்பி எத்தனை, கூரையில காத்துப்போக்கி எங்கே வரும்னு எல்லாம் அவர் தலையில இருக்கு. எந்தப் புத்தகத்துலயும் தேடி எடுக்கத் தோணாத தகவல்கள். ஐ.சி.எஃப்.பே 2018-ல அந்தப் பழைய டிசைன் பெட்டி செய்யறதை நிறுத்திடுச்சு. அந்த நினைவு என் கைக்கு வந்து சேர்றதுக்குள்ள நேரம் இருக்கணுமேன்னு எனக்குக் கொஞ்சம் பயம்கூட இருக்கு. அதனாலதான் செமஸ்டர் லீவுல ஒரு நாளும் மிஸ் பண்ணலை.

போன மாசம் ஒரு சாயங்காலம், மெரூன் பெட்டிகள் நாலும் தடம் புரளாம பத்து சுத்து சுத்திச்சு. நிஜ ரயிலோட 80 கிலோமீட்டர் வேகம், இங்கே செகண்டுக்கு 25 சென்டிமீட்டர். தாத்தா அதைவிட மெதுவா ஓட்டச் சொன்னார். கடைசி சுத்துல திருவேற்காடு போர்டுக்கு முன்னால கரெக்டா நிறுத்தினேன். அவர் எதுவும் பேசலை. மணியைப் பார்த்துட்டு, "இன்னிக்கு லேட் இல்லை"னு மட்டும் சொன்னார்.

நீங்களும் டிரைவரா?

* முதல்ல ஐ.சி.எஃப். பக்கத்துல 2002-ல திறந்த ரயில் மியூசியத்துக்குப் போங்க. நிஜ இன்ஜின், பெட்டிகளும் இருக்கு, மாடல்களும் இருக்கு. புனே பக்கம் போனா, 1998-ல கோத்ருட்ல திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்தை விடாதீங்க. ஒரு குட்டி நகரமே ஓடும்!

* எடுத்த எடுப்புல இன்ஜின் வாங்காதீங்க. உங்க ஊர் ஸ்டேஷனோட ஒரு மூலையை மட்டும் அட்டையில செய்யுங்க. ஒரு அடி நீளம் போதும்.

* இடம் குறைவா? 'என்' ஸ்கேல். கை நடுங்குதா? 'ஹெச்.ஓ.'

* கரன்ட் 12 வோல்ட் அடாப்டர்லேர்ந்து மட்டும். வீட்டு மெயின் லைன்ல விளையாட்டு வேண்டாம்.

* முக்கியமா, உங்க தெருவுலயும் ஒரு ரிட்டயர்டு தாத்தா இருப்பார். ரயில்வேயோ, மில்லோ, டிரான்ஸ்போர்ட்டோ... அவர் தலைக்குள்ள ஒரு முழு ஸ்டேஷன் இருக்கும். போய்க் கதவைத் தட்டுங்க. பிளாட்ஃபார்ம் டிக்கெட்கூட வேண்டாம்!