புளோரீனைப் பழக்கும் புதுவழி

மூலகங்களுள் மிகுந்த தாக்கவேகம் கொண்டது புளோரீன். அதனைத் தனியே பிரித்தெடுக்க முயன்ற இரசாயன அறிஞர் பலர் நஞ்சேறி நலிந்தனர். பெல்சிய நாட்டு லூயே அம்முயற்சியிலேயே உயிர் துறந்தார். 1886 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஆன்றி முவாசான் மின்பகுப்பினால் அதனைப் பிரித்தெடுத்து வெற்றி கண்டார். 1906 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

இத்துணைக் கொடிய பொருளை மனிதர் நாடுவது ஏன்? காபன் அணு பிற அணுக்களோடு அமைக்கும் ஒற்றைப் பிணைப்புகளுள் புளோரீனோடு அமைப்பதே மிக வலியது. மருந்தின் மூலக்கூறில் தக்கதோரிடத்து ஐதரசனை நீக்கிப் புளோரீனைப் பொருத்தினால், உடலிலுள்ள நொதியங்கள் அம்மருந்தை எளிதிற் சிதைக்கமாட்டா. அது நெடுநேரம் நின்று பயன்தரும். இன்று வழங்கும் மருந்துகளுள் ஏறக்குறைய ஐந்திலொன்று புளோரீன் கொண்டதாகும்.

ஆயின், அவ்வணுவைப் பொருத்துவது எளிதன்று. புளோரீன் வாயுவை நேரே செலுத்தினால் சேதனப் பொருள் தீப்பற்றிச் சிதைந்துவிடும். எனவே, 1890 களில் பெல்சிய அறிஞர் சுவாட்சு, அந்திமனிப் புளோரைட்டைக் கொண்டு குளோரீன் அணுக்களை அகற்றி, அவ்விடத்திற் புளோரீனை அமர்த்தும் முறையை வகுத்தார். பிற்காலத்துக் குளிரூட்டிப் பொருள்கள் அம்முறையின் வழியே தோன்றின.

எம்முறையைக் கையாளினும் மூலப்பொருள் ஒன்றே: புளோர்ஸ்பார் என்னும் கல்சியம் புளோரைட்டுக் கல். அதனைச் செறிந்த கந்தகவமிலத்தோடு சூடாக்கி ஐதரசன் புளோரைட்டைப் பெறுவதே நெடுங்கால வழக்கம். அப்பொருளோ தோலை ஊடுருவி, உடலிலுள்ள கல்சியத்தைக் கவர்ந்து, இதயத்தையும் நிறுத்தவல்லது. 2012 ஆம் ஆண்டில் தென்கொரியாவின் குமி நகரத்துத் தொழிற்சாலையொன்றில் அது கசிந்தபோது தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

இவ்வபாயத்தை முற்றாக விலக்கும் வழியொன்றை 2023 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் வெரோனிக் கூவர்னேர் குழுவினர் வெளியிட்டனர். எலும்பு உருவாகும்போது கல்சியமும் பொசுபேற்றும் இணைவதே அவர்களுக்கு வழிகாட்டியது. புளோர்ஸ்பார்த் தூளையும் பொற்றாசியம் பொசுபேற்று உப்பையும் உலோகக் குண்டுகளோடு ஒரு கலத்திலிட்டு வேகமாகக் குலுக்கினர். கல்சியம் பொசுபேற்றைப் பற்றிக்கொள்ள, புளோரீன் கல்லின் பிடியினின்றும் விடுபட்டுத் தாக்கத்துக்கு இசைந்த தூளாயிற்று. அத்தூளைக் கொண்டு 50 க்கு மேற்பட்ட புளோரீன் சேர்வைகளை அவர்கள் ஆக்கினர். அமிலமோ நச்சுவாயுவோ இடையில் வேண்டியிருக்கவில்லை.

ஆய்வுகூடத்திற் கண்ட இம்முறை பெருந்தொழிற்சாலைக்கு ஏற்ற அளவில் வளருமாயின், மருந்தின் பயன் குறையாது. அதனை ஆக்கும் தொழிலாளரின் உயிருக்குள்ள அபாயமோ பெரிதும் குறையும்.