சேர்ந்து படைக்கவும் பாடம் வேண்டும்

ஊடகம் கற்பிக்கும் கல்லூரிகளில் கடைசி செமஸ்டரில் குழு ப்ராஜெக்ட் என்று ஒன்று இருக்கும். நான்கைந்து மாணவர்கள் சேர்வார்கள். ஒருவர் எழுதுவார், ஒருவர் படம்பிடிப்பார், ஒருவர் எடிட் செய்வார். ஆசிரியர் முடிந்த படத்தைப் பார்த்து எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் போடுவார். அதற்கு முன் ஒளியமைப்புக்கு வகுப்பு நடந்திருக்கும், ஒலிப்பதிவுக்கும் நடந்திருக்கும். கருத்து மோதும்போது என்ன செய்வது, படத்தில் வரும் மனிதருக்குப் படத்தின்மேல் என்ன உரிமை, கருவியைத் தொட்டே பழகாதவரை வடிவமைப்பில் எப்படிப் பங்கேற்கச் செய்வது என்பவற்றுக்குப் பெரும்பாலும் வகுப்பே இருக்காது. சேர்ந்து வேலை செய்வது பழக்கத்தில் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை தவறு. கூட்டாகப் படைப்பதற்கென்று முறைகள் உண்டு. அவற்றைக் கற்பிக்க முடியும். சில பல்கலைக்கழகங்கள் அரை நூற்றாண்டாக அவற்றைச் செய்துபார்த்தும் வருகின்றன.

ஸ்வீடனில் நடந்ததைப் பார்ப்போம். 1980களின் தொடக்கத்தில் செய்தித்தாள் அலுவலகங்களுக்குள் கணினி நுழைந்துகொண்டிருந்தது. பக்கம் கட்டும் தொழிலாளர்களுக்குத் தங்கள் கைத்திறன் வீணாகிவிடுமோ என்ற அச்சம். 1981இல் நார்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கமும் ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து ‘உட்டோப்பியா’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். கணினியில் பக்கம் வடிவமைக்கும் கருவியைத் தொழிலாளர்களே ஆய்வாளர்களோடு உட்கார்ந்து உருவாக்க வேண்டும் என்பது நோக்கம். ஆய்வாளர்கள் முதலில் தங்களுக்குப் பழகிய வழியில் வரைபடங்களையும் விவரணைகளையும் கொண்டுவந்தார்கள். தொழிலாளர்களுக்கு அவை பிடிபடவில்லை. பிறகு ஒட்டுப்பலகை, அட்டைப்பெட்டி, காகிதம், ஸ்லைடு புரொஜெக்டர் ஆகியவற்றால் கணினியின் மாதிரியைச் செய்தார்கள். வெறும் அட்டைப்பெட்டி ஒன்று லேசர் பிரிண்டராக நின்றது. அதன் முன்னால் உட்கார்ந்த தொழிலாளி தான் அன்றாடம் செய்யும் வேலையை அங்கே செய்து காட்டினார். எது எங்கே இருக்க வேண்டும் என்று சொன்னார். பிடிக்காததை அந்த இடத்திலேயே மாற்றினார். பேச்சில் வராத தொழிலறிவு கைவழியாக வெளியே வந்தது. விலை குறைந்த, யாரும் கலைத்துப்போடத் தயங்காத மாதிரிதான் நிபுணரையும் தொழிலாளியையும் ஒரே மேசையில் அமர்த்தியது. மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர ஒரு வாரம் போதும், பெரிய ஆய்வுக்கூடமும் தேவையில்லை.

அந்தத் திட்டத்தில் முன்னின்ற பெல்லே என், பிறகு மால்மோ நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கப்பல் கட்டும் தொழில் சரிந்த துறைமுக நகரம் அது. 1998இல் அங்கே புதிய உயர்கல்வி நிறுவனமாக எழுந்தது அந்தப் பல்கலைக்கழகம். அதன் கலை, தொடர்பியல் துறையில் வடிவமைப்பாளர்களும் ஊடக ஆய்வாளர்களும் ஒரே கூரையின் கீழ் கற்பித்தார்கள். அங்கே பணியாற்றிய யோனாஸ் லோவ்கிரென், பூ ரைமர் இருவரும் 2013இல் கூட்டு ஊடகங்களைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார்கள். படைப்பவர், பார்ப்பவர், வடிவமைப்பவர் என்ற பழைய பிரிவினை இன்று கலைந்துவிட்டது, ஆகவே வடிவமைப்பாளரின் வேலை வெளியீட்டு நாளோடு முடிவதில்லை என்பது அவர்கள் வாதத்தின் மையம். மால்மோவில் நடந்த ஒரு முயற்சி இதற்கு நல்ல சான்று. ஹிப்ஹாப் இசையில் ஈடுபட்ட, புலம்பெயர்ந்த குடும்பங்களின் இளைஞர்கள் ஆய்வாளர்களோடு சேர்ந்தார்கள். தாங்கள் உருவாக்கிய பாடல்களை நகரப் பேருந்துகளில் பயணிகளின் கைப்பேசிகளுக்கு புளூடூத் வழியே சேர்க்கப் பார்த்தார்கள். இளைஞர்களுக்கு வேண்டியது ஒன்று, பேருந்து நிறுவனத்துக்கு வேண்டியது வேறு, தொழில்நுட்ப நிறுவனத்துக்கு வேண்டியது இன்னொன்று. எல்லாரையும் ஒரே கருத்துக்கு இழுத்துவருவது கூட்டுப்பணியின் வேலையில்லை, வேறுபாடு தீராத நிலையிலும் சேர்ந்து இயங்க ஓர் இடத்தை அமைப்பதுதான் வேலை என்று அங்கிருந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான பாடம் இதுதான். குழு ப்ராஜெக்டுகள் பெரும்பாலும் உடைவது கருத்து வேறுபட்ட அந்த முதல் நாளில்தான்.

இதைவிடத் துணிச்சலான முயற்சி கனடாவின் ஃபோகோ தீவில் நடந்தது. நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய மீனவர் தீவு அது. 1960களில் மாகாண அரசு தொலைதூர ஊர்களைக் காலிசெய்து மக்களை வேறிடங்களில் குடியமர்த்தி வந்தது. ஃபோகோவும் அந்த விளிம்பில் நின்றது. 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ, மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையோடு சேர்ந்து அங்கே 27 குறும்படங்களை எடுத்தார். மக்களின் பேச்சை வெட்டி ஒட்டி ஒரே வாதமாகக் கோக்கவில்லை. ஒவ்வொருவரின் பேச்சும் ஒவ்வொரு நிகழ்வும் தனித்தனிப் படமாக நின்றன. படத்தில் இருப்பவர் முதலில் பார்ப்பார். வேண்டாம் என்பதை நீக்கச் சொல்லலாம். அவர் ஒப்புக்கொண்ட பிறகே தீவின் மற்ற ஊர்களில் திரையிடப்படும். மதத்தாலும் தொலைவாலும் பிரிந்துகிடந்த ஊர்கள் தங்கள் சிக்கல் ஒன்றே என்பதைத் திரையில் கண்டன. பிறகு படங்கள் அரசிடம் போயின. மீன்வளத்துறை அமைச்சரின் பதிலும் படமாகித் தீவுக்குத் திரும்பி வந்தது. மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், தீவு காலியாகவில்லை. இதைப் படங்கள் மட்டுமே சாதித்தன என்று சொல்ல மாட்டேன். விரிவாக்கத் துறை அதற்கு முன்பே தீவில் வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் எதை யாருக்கு முதலில் காட்டுவது என்ற வரிசையும்கூட வடிவமைப்பு முடிவுதான் என்பதை ஃபோகோ நிறுவியது.

கூட்டுப்பணியைப் பாடமாக்குவதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் மதிப்பெண் பற்றியது: உழைக்காதவர் உழைத்தவரின் முதுகில் ஏறிக்கொள்வார். உண்மையான குறைதான். முடிந்த படத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் இதைத் தவிர்க்கவே முடியாது. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கம் உண்டு. எந்தக் கணக்கிலிருந்து எந்த வரி எப்போது மாறியது என்பது அங்கே பதிவாகிறது, ஏன் என்ற விவாதம் பேச்சுப் பக்கத்தில் இருக்கிறது. அப்படியொரு பதிவேட்டை மாணவர் குழுவும் வைத்திருந்தால் ஆசிரியர் அதையும் சேர்த்தே மதிப்பிடலாம். இரண்டாவது வாதம் இன்னும் கனமானது: பெரிய படைப்புகள் ஒரு தனிமனத்தின் பிடிவாதத்திலிருந்து பிறக்கின்றன, பலர் கை வைத்தால் சப்பென்று போய்விடும். கவிதைக்கு இது பொருந்தலாம். ஆனால் கூட்டுப்பணி என்பது எல்லாவற்றையும் வாக்கெடுப்புக்கு விடுவது என்று யார் சொன்னது? ஃபோகோவில் காலின் லோ இயக்குநராகவே இருந்தார். எங்கே தன் அதிகாரத்தை விட்டுக்கொடுப்பது என்பதை முடிவு செய்திருந்தார், அவ்வளவுதான். வேலைச் சந்தை கேட்பது தனித்திறனைத்தானே என்பவர்களுக்குச் சுருக்கமான பதில் போதும்: ஒரு திரைப்படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள்.

நமக்கு இது எட்டாத கனி இல்லை. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம்., நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. நேயர்களும் மைக்கின் முன்னால் உட்கார்ந்து நிகழ்ச்சி செய்யலாம் என்பதுதான் சமுதாய வானொலியின் அடிப்படை. அந்த அனுபவம் வானொலிக்கூடத்தோடு நின்றுவிடாமல் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பாடத்திட்டத்துக்குள் வர வேண்டும். சேர்க்கைக் காலத்தில் ஊடகக் கல்லூரிகள் சேர வரும் மாணவர்களுக்குக் கேமராக்களையும் ஸ்டுடியோவையும் காட்டும். அவற்றைப் பார்த்துவிட்டு இந்த மூன்றையும் கேளுங்கள்: குழு ப்ராஜெக்டில் மாணவர் ஒவ்வொருவரின் பங்கை எப்படி மதிப்பிடுகிறீர்கள்? படத்தில் வருபவர்கள் வெளியீட்டுக்கு முன் அதைப் பார்க்கிறார்களா? வகுப்புக்கு வெளியே உள்ள யாரோடு சேர்ந்து மாணவர்கள் வேலை செய்கிறார்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் இருக்கும் கல்லூரியில் சேருங்கள்.