வீட்டுக் கூரைச் சூரிய மின்னாக்கம் (திருவள்ளூர் மாவட்டம்)

வீட்டுக் கூரைச் சூரிய மின்னாக்கம் என்பது வீட்டின் மேற்தளத்தில் சூரியத்தகடுகளை நிறுவி, அவ்வீட்டுக்குத் தேவையான மின்சாரத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ பெறும் முறையாகும். வல்லூர், அத்திப்பட்டு அனல் மின் நிலையங்களும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் இம்முறை இலாபகரமானதா என்பது, தகட்டின் தரத்தைக் காட்டிலும் வீட்டின் மின்கட்டணப் படிநிலையையே பெரிதும் சார்ந்துள்ளது.

செலவும் மீட்புக் காலமும்

ஒரு கிலோவாட் திறனுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் நிழலற்ற இடம் தேவை. அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 அலகு (யூனிட்) மின்சாரம் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. உச்ச வரம்பு 78,000 ரூபாய் ஆகும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2016 இல் முதல் 100 அலகுகள் இலவசமாக்கப்பட்டன. 2024 ஜூலையில் மாற்றப்பட்ட கட்டணத்தின்படி, 400 அலகுகள் வரை அலகுக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு; 500ஐக் கடந்தால் எட்டு ரூபாய்க்கு மேல். அத்துடன் இரண்டாவது நூறு அலகுகளுக்கான பாதிக் கட்டணச் சலுகையும் நீங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக, இரு மாதங்களில் 800 அலகுகள் செலவிடும் வீட்டின் கட்டணம் அக்கட்டண விகிதத்தில் சுமார் 4,800 ரூபாய். மூன்று கிலோவாட் அமைப்பு அக்காலத்தில் 720 அலகுகள் வரை தருவதால், எஞ்சியவை இலவச வரம்பினுள் அடங்கிவிடும். மானியம் போகச் செலவு 1,20,000 ரூபாய் எனக் கொண்டால், நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முதல் திரும்பிவிடும். மாறாக, 300 அலகுகள் மட்டும் செலவிடும் வீட்டின் கட்டணம் 700 ரூபாய் அளவே. அங்கு ஒரு கிலோவாட் அமைப்புக்கு மானியம் போக 45,000 ரூபாய் செலவிட்டால், அதை மீட்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். 100 அலகுகளுக்குள் செலவிடும் வீட்டுக்குச் சேமிக்க எதுவுமில்லை.

மின்கலச் சேமிப்பு

நிகர அளவீட்டு முறையில் பகலில் மிகும் மின்சாரம் மின்வலையமைப்புக்குச் சென்று கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. ஆகவே மின்வலையமைப்பே செலவற்ற மின்கலமாகச் செயற்படுகிறது எனலாம். வீட்டில் தனியே மின்கலம் வைப்பதால் கட்டணம் குறைவதில்லை. மின்னேற்றம், மின்னிறக்கம் ஆகியவற்றின்போது ஒரு பகுதி வீணாவதே மிச்சம். மேற்கூறிய மானியமும் மின்கலத்துக்குப் பொருந்தாது.

எனினும் பலர் அறியாத ஒன்றுண்டு. மின்தடை ஏற்பட்டவுடன், கம்பிகளில் பணிபுரியும் ஊழியர்களின் பாதுகாப்பு கருதி, வலையமைப்புடன் இணைந்த இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். 2016 டிசம்பர் 12 இல் சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலின்போது பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இத்தகைய வேளையில் மின்கலமும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இல்லாத வீட்டில், நல்ல வெயில் அடித்தாலும் விளக்கு எரியாது. எனவே மின்கலத்தைச் சேமிப்பாகக் கருதாமல், காப்பீடாகக் கருதுவதே பொருத்தம். ஈய-அமில மின்கலங்களைச் சில ஆண்டுகளிலேயே மாற்ற நேரிடும். இலித்தியம் இரும்பு பாஸ்பேட்டு மின்கலங்கள் விலை கூடியவை, ஆனால் நீண்டகாலம் உழைப்பவை.

உள்ளூர்ச் சிக்கல்கள்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் உள்ளன. ஆலைத் தூசு படிந்தால் தகடுகளின் உற்பத்தி குறையும். மழையற்ற மாதங்களில் அடிக்கடி கழுவுதல் வேண்டும். பழவேற்காடு போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் சட்டங்களும் திருகாணிகளும் துருப்பிடிக்கும். தொழிற்பேட்டையில் பணிபுரிவோரில் வாடகை வீட்டினருக்குக் கூரையும் மின் இணைப்பும் சொந்தமல்ல என்பதால், வீட்டு உரிமையாளர் இசைந்தாலன்றி இத்திட்டங்கள் அவர்களுக்குப் பயன்படுவதில்லை.