பக்கவாதத்திற்குப் பின் நடை: வாசலோடு நின்றுவிடும் காலணி

பக்கவாதத்தினின்று உயிர் பிழைத்தவரின் முதற் கவலை, மீண்டும் நடக்க இயலுமா என்பதே. மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ உடலின் ஒரு பக்கம் வலுவிழக்கிறது. முன்பாதத்தை உயர்த்தும் தசைகள் செயலிழந்தால் பாதம் தொங்கிவிடும். நடக்கையில் விரல்கள் தரையில் இடறும். அதனைத் தவிர்க்கக் காலை வெளிப்புறமாக வீசி நடக்க நேர்கிறது. களைப்பு மிகுகிறது, விழும் அபாயமும் கூடுகிறது.

இக்குறையை ஈடுசெய்ய உதவுவது கணுக்கால்-பாதத் தாங்கி. கெண்டைக்காலின் பின்புறம் தொடங்கி உள்ளங்கால் வரை வளைந்து செல்லும் பிளாஸ்டிக் தகடு இது. பட்டையால் காலுடன் பிணைக்கப்படும். காலைத் தூக்கும்போது பாதம் தொங்காமல் தடுக்கும். ஊன்றும்போது கணுக்காலுக்கு உறுதியளிக்கும். ஆயின், இது தனித்துப் பயன் தருவதன்று. வழுக்காத அடிப்பகுதியும், குதிகாலைப் பற்றும் பின்புறமும், அகலத் திறக்கும் வாயும் உடைய காலணியினுள் பொருந்த வேண்டும். மற்றக் காலுக்கும் அதே உயரமுள்ள காலணி தேவை.

சிக்கல் எழுவது இங்குதான். நம் நாட்டு வீடுகளில் காலணி வாசலோடு நின்றுவிடுகிறது. தாங்கியும் அதனுடன் கழற்றப்படுகிறது. சமையலறையிலும் ஈரமான குளியலறையிலும் நோயாளி துணையின்றி நடக்கிறார். வெறுந்தகட்டுடன் நடப்பினும் வழுக்கும்.

1968-ஆம் ஆண்டில் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் இதற்கு வழிகாட்டுகிறது. காலணியின்றி நடக்கவும், தரையில் அமரவும் இடமளித்ததே அச்செயற்கைக் காலின் சிறப்பு. கருவி, மக்களின் வாழ்க்கை முறைக்கு இசைய வேண்டும் என்பதே அதன் பாடம். பக்கவாத நோயாளிக்கு வீட்டிற்குள் மட்டுமே அணியும் தனிக் காலணி ஓர் எளிய தீர்வாகும்.

கான்பூரில் 1972-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியச் செயற்கை அவயவ உற்பத்திக் கழகம் இத்தகைய கருவிகளைத் தயாரிக்கிறது. 1981-ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய அரசின் உதவிக் கருவித் திட்டத்தின்கீழ், 40 விழுக்காட்டிற்குக் குறையாத ஊனச் சான்று பெற்ற, வருமான வரம்பிற்குட்பட்டோர் உதவி பெறலாம். எனினும் கருவியை வழங்குவதோடு கடமை முடிவதில்லை. பாதத்தில் உணர்ச்சி குன்றியிருப்பின் தாங்கி அழுத்திப் புண்ணாக்குவதும் தெரியாது. தோலை நாள்தோறும் பார்த்தறியக் குடும்பத்தினருக்குக் கற்பிக்க வேண்டும். வீட்டின் தரை எத்தகையது, காலணியை எங்கே கழற்றுவார் என்ற இரு கேள்விகளையும் முகாமிலேயே கேட்டறிவது நன்று. அளித்த தாங்கி மூலையில் கிடப்பதும், காலில் இருப்பதும் அவற்றின் விடையைப் பொறுத்ததே.